கூண்டு காட்டும் நாய், தெரு அறிந்த நாய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிவதற்கு முன்பே தெரு வேலைக்கு வந்துவிடும். நெசவுக்கான பட்டுப் பாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இழை பார்த்து முடித்தாக வேண்டும். அந்த நேரத்துத் தெருவில் நாய்களும் இருக்கும். பாவுக்குக் குறுக்கே போகாமல் திண்ணையோரம் சுற்றிக்கொண்டு போகும் கிழட்டு நாய், எதையும் இழுத்துப் பார்க்கும் குட்டி, சைக்கிள் மணி கேட்டால் மட்டும் துரத்தும் கறுப்பன் என்று ஒவ்வொன்றின் குணமும் தெருவுக்குத் தெரியும். புதிதாக வந்தவர் தயங்கி நின்றால் எதிர்வீட்டு அக்கா குரல் கொடுப்பார்: “அந்தச் செவலை ஒன்னும் பண்ணாதுங்க, தாராளமா வாங்க. குட்டிங்க கிட்ட மட்டும் போயிடாதீங்க.” நாயின் இயல்பு, அது மாறும் இடம், மாறுவதற்கான காரணம் மூன்றும் அந்தப் பேச்சில் அடங்கிவிடுகின்றன. நாய்க் காப்பகங்கள் பல ஆண்டுகளாகப் படிவங்களை வைத்துக்கொண்டு எட்ட முயல்வது இந்த அறிவைத்தான்.

இதை நாம் இப்போது யோசித்தே ஆக வேண்டிய காரணம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லியின் தெருநாய்களை எட்டு வாரங்களுக்குள் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றது. இரண்டு வகைக்கு மட்டும் விலக்கு: வெறிநோய் உள்ளவை அல்லது இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவை ஒன்று, ஆக்ரோஷமான நடத்தை காட்டுபவை மற்றொன்று. இவை எக்காரணம் கொண்டும் தெருவுக்குத் திரும்பக் கூடாது. அதே உத்தரவு, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும் வழி திறந்தது. வழக்கின் எல்லையும் டெல்லியைத் தாண்டி எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று வந்த அடுத்த உத்தரவு, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது.

வெறிநோயை உறுதிசெய்ய அறிவியலில் வழி இருக்கிறது. நோய்க்குறி தெரிந்த நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். ஆய்வகம் இறுதி விடை சொல்லும். ‘ஆக்ரோஷமான நடத்தை’ என்பதை யார் உறுதிசெய்வது? எங்கே, எத்தனை நாள் பார்த்து, எதை அளவுகோலாக வைத்து? உத்தரவில் அதற்கான வரையறை இல்லை. ஒரு நாயின் ஆயுள் முழுவதும் இந்த இரண்டு சொற்களில் தொங்குகிறது. அந்த நாயை நம்பி வீட்டுக்கு அழைத்துப்போகும் குடும்பத்தின் பாதுகாப்பும் அதே சொற்களில்தான் இருக்கிறது.

கடியின் கணக்கைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. 2024இல் நாடு முழுக்க சுமார் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் 4.8 லட்சம். கடிபட்டவர்களில் குழந்தைகள் உண்டு, கூலி வேலைக்கு அதிகாலையில் நடந்து போகிறவர்கள் உண்டு. ஊசி போட்டுக்கொள்ள ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு நாய்களின் உளவியல் பற்றிப் பாடம் எடுப்பது நியாயமாகாது. அவருக்காகவும்தான் கேட்கிறேன்: கடிக்கக்கூடிய நாயையும் கடிக்காத நாயையும் நம்மால் பிரித்தறிய முடியுமா?

இந்தக் கேள்வியே ஒரு காலத்தில் எழவில்லை. சென்னை மாநகராட்சி 1860இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. பிந்திய காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். பிடிபட்டதெல்லாம் சாகும் என்றிருக்கும்போது எந்த நாய் சாது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, 1964இலிருந்து கருத்தடை செய்து திருப்பி விடும் முறையைச் செய்துகாட்டி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. பிறகு 2001இல் அது நாடு முழுமைக்குமான விதியானது, 2023இல் புதிய விதிகள் வந்தன. அந்த விதிகளிலும் நாயின் குணத்தை அளக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. அறுவை முடிந்ததும் நாய் தன் தெருவுக்கே போய்விடும், அதன் குணம் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். நாயைத் தெருவிலிருந்து பிரித்து, அதை அறியாத ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான் மதிப்பீடு தேவைப்படுகிறது. இந்தியா இப்போது அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. மேற்கு நாடுகள் அங்கே நெடுநாள் இருந்தன. அவர்கள் செய்த தவறுகளை நாமும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

அங்கே இது வழிகாட்டி நாய்களைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கியது. பார்வையற்றவருக்கு வழிகாட்டப்போகும் குட்டி எதற்கும் அரளக் கூடாது. ஆகவே குட்டிப் பருவத்திலேயே சோதித்தார்கள். அந்த வேலைக்கு அது பொருந்தியது. ஒரே இன வழியில் வந்த, ஒரே மாதிரி வளர்த்த குட்டிகள். தேறாதது ஏதேனும் வீட்டுக்குப் போகும், சாகாது. பிறகு அந்த யோசனை காப்பகத்துக்குள் நுழைந்தது. நெதர்லாந்தில் 1991இல் காப்பக நாய்களுக்கான நடத்தைச் சோதனை ஒன்றின் முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவில் சூ ஸ்டெர்ன்பெர்க் ஒரு முறையை உருவாக்கினார், எமிலி வைஸ் ‘சேஃபர்’ என்ற முறையை, ஏமி மார்டர் ‘மேட்ச்-அப்’ என்ற முறையை. ஆஸ்திரேலியாவில் ‘பார்க்’ என்று ஒன்று வந்தது.

முறைகள் வேறானாலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அறிமுகமில்லாத ஒருவர் கூண்டுக்கு வெளியே நின்று நாயைக் கண்ணோடு கண் பார்ப்பார். பிறகு அதை ஓர் அறைக்கு அழைத்துப்போய்க் கழுத்திலிருந்து வால்வரை அழுத்தித் தடவுவார், காலை எடுத்து விரலிடுக்கில் அமுக்குவார். தொப்பி வைத்த அந்நியர் ஒருவர் விருட்டென்று உள்ளே வருவார். குழந்தை உயரத்தில் ஒரு பொம்மையை நகர்த்தி வருவார்கள். இவற்றில் பேர்போனது தட்டுச் சோதனை. நல்ல மணமுள்ள உணவைத் தட்டில் வைத்து, நாய் தின்னத் தொடங்கியதும், நீளமான கம்பின் முனையில் பொருத்திய ரப்பர் கை ஒன்று தட்டை நோக்கி நீளும், தட்டை இழுக்கும், நாயின் முகத்தை ஒதுக்கும். நாய் விறைத்தால் ஒரு மதிப்பெண், உறுமினால் ஒன்று, கடித்தால் ஒன்று. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம், இருபது நிமிடம். இடம் இல்லாத காப்பகங்களில் அந்த இருபது நிமிடத்தின் முடிவில் நாய்கள் ஊசி போட்டுக் கொல்லப்பட்டன.

பசியோடு இருக்கும் எவருடைய இலையிலிருந்தும் சோற்றை இழுத்தால் அவர் சும்மா இருப்பாரா என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஆய்வாகவே கேட்டவர் மார்டர். 2013இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், பாஸ்டன் காப்பகத்தில் தட்டுச் சோதனைக்கு உட்பட்டுத் தத்துப்போன 97 நாய்களின் வீட்டாரிடம் மூன்று மாதங்களுக்கு மேல் கழித்து விசாரித்தார்கள். காப்பகத்தில் சோற்றுத் தட்டைக் காத்து உறுமியவை 20. அவற்றில் வீட்டிலும் அப்படிச் செய்தவை 11 மட்டுமே. காப்பகத்தில் சாதுவாகத் தின்ற 77இல், 17 நாய்கள் வீட்டில் உறுமின. ஆக, உறுமிய நாய்களில் ஏறத்தாழப் பாதி வீட்டில் உறுமவில்லை. உறுமாத நாய்களில் ஐந்தில் ஒன்று வீட்டில் உறுமியது. அப்படி உறுமிய நாய்களின் வீட்டாரிலும் பெரும்பாலோர் அதை ஒரு பிரச்சினையாகவே சொல்லவில்லை. சாப்பிடும்போது நாயைத் தனியே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு 2018இல், தட்டுச் சோதனையையே கைவிட்ட ஒன்பது அமெரிக்கக் காப்பகங்களின் அனுபவம் வெளிவந்தது. சோதனையை விட்டதால் கடிகள் கூடவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தச் சோதனையில் தோற்ற நாய்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

2016இல் கேரி பாட்ரோனெக், ஜேனிஸ் பிராட்லி இருவரும் எழுதிய கட்டுரை இன்னும் அடிப்படையான ஒன்றைத் தொட்டது. நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட இந்தச் சோதனைகள் மேலானவை அல்ல என்பது அதன் தலைப்பே சொல்லும் முடிவு. அவர்களுடைய வாதம் கணக்கில் நிற்கிறது. அதை நம் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு காப்பகத்தில் 100 நாய்கள். அவற்றில் உண்மையிலேயே ஆபத்தானவை 10 என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை நல்ல சோதனை, நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் சொல்லும். ஆபத்தான 10இல் 8ஐப் பிடித்துவிடும், 2ஐத் தவறவிடும். மிச்சமுள்ள 90 நல்ல நாய்களில் 72ஐ நல்லவை என்று சொல்லும், 18ஐ ஆபத்தானவை என்று சொல்லிவிடும். ஆக, ஆபத்து என்று முத்திரை விழுந்தவை 26. அதில் 18 குற்றமற்றவை. தப்பிப்போன இரண்டும் ‘சாது’ என்ற நற்சான்றோடு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகின்றன. ஆபத்தான நாய்கள் குறைவாக இருக்க இருக்கத் தவறான முத்திரைகளின் விகிதம் கூடும். நடைமுறையில் காப்பகச் சோதனைகள் எண்பது விழுக்காடு சரியாகச் சொல்லும் என்பதற்கு உறுதியும் இல்லை.

சோதனை ஏன் தவறுகிறது என்பதற்கு நாயின் உடம்பிலேயே விடை இருக்கிறது. ஓஹியோவில் மைக்கேல் ஹென்னசியும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் காப்பக நாய்களின் இரத்தத்தில் மன அழுத்தச் சுரப்பான கார்டிசாலை அளந்தார்கள். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் அது வீட்டு நாய்களைவிட மிக உயரத்தில் நின்றது. ஒரு வாரத்துக்கு மேல் தங்கியவற்றில் இறங்கியிருந்தது. நடைமுறையில் காப்பகங்களுக்கு இடநெருக்கடி. ஆகவே சோதனை பெரும்பாலும் அந்த முதல் சில நாட்களிலேயே நடக்கும். ஊர் மாறிய கலக்கத்தில், முன்பின் தெரியாத நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவில், தூக்கமில்லாத உயிரை நிறுத்திக் கேள்வி கேட்கிறோம். அது காட்டும் பதிலில் கூண்டு பாதி, நாய் பாதி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், அது வலுவான பக்கம். சோதனையே வேண்டாம் என்றால் காப்பகப் பணியாளரின் ஊகம்தான் மிஞ்சும், அது இன்னும் மோசம் என்கிறார்கள் குவின்ஸ்லாந்து ஆய்வாளர்கள். 2020இல் அவர்கள் எழுதிய கட்டுரை, சோதனையைத் தீர்ப்பாகப் பார்க்காமல் அறிமுகமாகப் பார்க்கச் சொன்னது: இந்த நாய் எதற்குப் பயப்படுகிறது, எதில் மகிழ்கிறது, எந்தப் பயிற்சி தேவை என்று தெரிந்துகொள்ள அது உதவும். ‘பார்க்’ முறையைத் தத்துப்போன வீடுகள்வரை தொடர்ந்து பார்த்த 2014 ஆய்வும், அச்சத்தையும் நட்பையும் ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, சிக்கலான நடத்தைகளைச் சொல்ல முடிவதில்லை என்று கண்டது. எனக்கு இது பொருந்துகிறது. ஆட்களைக் கண்டால் ஓடிவரும் நாயைப் பத்து நிமிடத்தில் அறியலாம். இந்த நாய் அடுத்த ஆண்டு ஒரு குழந்தையைக் கடிக்குமா என்பதை எந்தப் பத்து நிமிடமும் சொல்லாது. முன்பே பலமாகக் கடித்த வரலாறு உள்ள நாயைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதில் எந்தத் தரப்புக்கும் மாறுபாடில்லை. அதைச் சொல்ல ரப்பர் கையும் தேவையில்லை.

இத்தனையும் வெளிநாட்டு நாய்களின் கதை. அங்கே காப்பகத்துக்கு வருபவற்றில் பல, ஒரு காலத்தில் யாருடைய வீட்டிலோ வளர்ந்தவை. கழுத்துப்பட்டையும் கயிறும் அவற்றுக்குத் தெரியும், கதவு தெரியும், தட்டு தெரியும். நம் தெருநாய்க்கு இவற்றில் எதுவும் தெரியாது. அதன் கழுத்தில் முதன்முதலாக விழும் கயிறு, நாய்வண்டிக்காரர் வீசும் சுருக்கு. அதன் பிறகு எந்தக் கயிற்றைக் கண்டாலும் அது திமிறினால், பல்லைக் காட்டினால், அது ஆக்ரோஷமா? மூடிய அறையில் ஒரு மனிதரோடு தனித்திருந்த அனுபவமே இல்லாத விலங்கு அது. தெருவில் பிடிக்காத ஒன்று வந்தால் விலகிப்போகும். அதன் முதல் உத்தி அதுதான். அறை அந்த உத்தியைப் பறித்துவிடுகிறது. விலக வழியில்லாதபோது மிஞ்சுவது பல்.

இந்தியத் தெருநாய்களை அவற்றின் தெருவிலேயே வைத்துப் பார்த்த ஆய்வுகள் நமக்கு உண்டு என்பது பெரிய ஆறுதல். கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. அறிமுகமில்லாத ஒருவர் பல நாட்கள் தொடர்ந்து போய்ச் சில நாய்களுக்கு உணவு கொடுத்தார், சிலவற்றைத் தடவிக்கொடுத்தார். பழகப் பழக, தடவிக்கொடுக்கப்பட்ட நாய்களே அவரை அதிகம் நம்பின. இன்னொன்று 2020இல் வந்தது. மனிதர் கை நீட்டிக் காட்டும் திசையைத் தெருநாய் புரிந்துகொள்ளுமா என்று பார்த்தார்கள். கிட்டே வந்தவற்றில் பெரும்பாலானவை கை காட்டிய கிண்ணத்துக்கே போயின, எந்தப் பயிற்சியும் இல்லாமல். சுமார் பாதி நாய்கள் கிட்டேயே வரவில்லை. அவை பதற்றத்தோடு தள்ளி நின்றன. அந்தத் தள்ளி நின்ற பாதியைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு காப்பகப் படிவத்தில் அவை ‘மனிதரோடு பழகாதவை’ என்று பதிவாகியிருக்கும். அதே கூடத்தின் வேறோர் ஆய்வுப்படி, தெருவில் பிறக்கும் குட்டிகளில் ஐந்தில் நான்கு இனப்பெருக்க வயதை எட்டுவதற்கு முன் இறந்துவிடுகின்றன, அவற்றில் பெரும்பங்கு மனிதரால். பிழைத்த ஒன்று நம்மைப் பார்த்துத் தள்ளி நிற்பதில் குறைசொல்ல என்ன இருக்கிறது?

‘ஆக்ரோஷம்’ என்பதை உத்தரப் பிரதேச அரசு 2025 செப்டம்பரில் வேறு வழியில் அணுகியது. யாரும் சீண்டாமலே ஒரு நாய் முதல் முறை கடித்தால் பத்து நாள் கருத்தடை மையத்தில் வைத்துக் கண்காணித்து, மின்சில்லு பொருத்தி விடுவிக்க வேண்டும். அதே நாய் மீண்டும் சீண்டாமல் கடித்தால் ஆயுள் முழுவதும் மையத்தில். மீள ஒரே வழி, இனித் தெருவில் விடமாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து யாராவது தத்தெடுப்பது. சீண்டப்பட்டதா இல்லையா என்பதை மூவர் குழு முடிவுசெய்யும். கல்லெறிந்த பின் கடித்தால் அது சீண்டல். ஊடகங்கள் இதை நாய்க்கு ஆயுள் தண்டனை என்று வேடிக்கையாக எழுதின. எனக்கு இதில் ஒரு நல்ல அம்சம் தெரிகிறது: இந்த முறை, நாய் உண்மையில் என்ன செய்தது, எந்தச் சூழலில் செய்தது என்று கேட்கிறது. குறை என்னவென்றால், இரண்டு முறை கடித்ததாக முத்திரை பெற்ற நாயைத் தத்தெடுக்க வருபவரிடம் அந்த இரண்டு கடிகளின் கதையை யார் விவரமாகச் சொல்வார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை.

கதை எவ்வளவு முக்கியம் என்பதை நான் கற்றது எங்கள் வீட்டில். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்றை அழைத்துவந்தோம். அதன் அட்டையில் இரண்டு வரி இருந்தது: ‘மிகவும் அமைதியானது. குழந்தைகளோடு பழகும்.’ நாங்கள் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. கூண்டின் மூலையில் படுத்திருந்தது, தொட்டால் அசையவில்லை, குரைக்கவில்லை. எவ்வளவு சாது என்று வியந்தோம்.

எங்கள் வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. மறுநாள் காலை பெரியப்பா தறியில் இறங்கி மிதித்து, முதல் பலகை அடித்ததுமே நாய் சுவரில் ஏறப் பார்த்தது. சிறுநீர் கழித்தது. கொல்லைக்கு ஓடி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மாலைவரை ஒடுங்கிக் கிடந்தது. நான்காம் நாள் அது கட்டிலுக்கு அடியில் இருந்தபோது தங்கையின் மகன் கொஞ்சலாகக் கையை நீட்டினான். கடித்தது. ஆழமில்லை, ஆனாலும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, ஊசிக்கு ஓடினோம். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. “திருப்பி விட்டுட்டு வந்துரலாம்” என்றார் அம்மா. பெரியப்பாதான், “பயந்த பிள்ளைக்கும் அமைதியான பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிக் குடுத்திருக்காங்க. அது மேல என்ன தப்பு?” என்றார்.

அவர் சொன்னது நூல்களில் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பயம் உச்சத்துக்குப் போனால் சில நாய்கள் உறைந்துபோகும். அசையாது, உணவைத் தொடாது, தடவினால் விலகாது. பார்ப்பவருக்கு அது அடக்கமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் அடையாளங்கள் உண்டு: வாய் இறுக மூடியிருக்கும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும், நாக்கு அடிக்கடி மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும், உடம்பின் எடை பின்னங்கால்களில் இருக்கும். சோதனையை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் நல்ல நாயைக் கெட்டது என்று முத்திரை குத்துவதைப் பற்றியே பேசுகிறார்கள். பயந்த நாயை அமைதி என்று எழுதுவதும் அதே அளவு கேடு. அதில் காயப்படுவது குழந்தையின் கை, பிறகு திருப்பி விடப்படும் நாய். உறுமலுக்கு மதிப்பெண் குறைப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக அடிவாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. நம் வீடுகளில் ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்று சொல்லப்படும் பல கடிகளுக்கு முன்னால் யாரும் கவனிக்காத நூறு எச்சரிக்கைகள் இருந்திருக்கும்.

காப்பகங்கள் என்ன செய்யலாம்? முதலில், நாயைப் பிடிக்கும்போதே பிடித்த இடத்தைக் கேட்டு எழுதுவது. 2023 விதிகளின்படி திருப்பி விடுவதற்காகப் பிடித்த இடத்தைப் பதிய வேண்டியிருக்கிறது. அத்தோடு ஐந்து கேள்விகள் சேர்த்தால் போதும். இதற்குச் சோறு வைப்பவர் யார், யாரைக் கண்டால் வால் ஆட்டும், எதைத் துரத்தும், எப்போதாவது கடித்திருக்கிறதா, கடித்தபோது என்ன நடந்தது. எதிர்வீட்டு அக்கா போன்ற ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அவர் சொல்வதை எந்தப் படிவமும் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்காது. அவர் அந்த நாயைக் காப்பாற்றுவதற்காகச் சற்றுக் கூட்டிச் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒழித்துக்கட்டுவதற்காகக் கூட்டிச் சொல்லலாம். இருவரையும் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்தது, பொறுத்திருந்து பார்ப்பது. முதல் சில நாட்களில் பதிவதை ‘வந்த புதிதில்’ என்று மட்டும் குறித்து வைக்கலாம். சோறு வைப்பவர், கூண்டு கழுவுபவர், மருந்து போடுபவர் மூவரும் தினமும் ஒரு வரி எழுதினால், இரண்டு வாரத்தில் நாற்பது வரி சேரும். ஒரே ஒரு சோதனையைவிட அது மேலானது. தனிச் செலவும் இல்லை. காப்பகத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்தான் நாயை அதிக நேரம் பார்க்கிறார். அவர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, ஓரிரு இரவு வீட்டில் தங்க வைப்பது. அமெரிக்காவில் லிசா குன்டரும் குழுவினரும் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுக்கு வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்து 2019இல் எழுதினார்கள். வீட்டில் இருந்தபோது கார்டிசால் இறங்கியது, நாய்கள் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. திரும்பி வந்ததும் அளவு பழைய நிலைக்கே போயிற்று, அதைவிடக் கூடவில்லை. தற்காலிக வீட்டார் எழுதித் தரும் குறிப்பு எந்தச் சோதனையும் தராதது: இரவில் தூங்கியதா, தனியே விட்டால் என்ன செய்தது, மிக்ஸி சத்தத்துக்கு என்ன செய்தது. சென்னையில் தத்து முகாம் நடத்தும் ஆர்வலர்கள் பலர் குட்டிகளைத் தற்காலிக வீடுகளில் வைத்தே கொடுக்கிறார்கள். வளர்ந்த நாய்களுக்கும் அது வர வேண்டும்.

இதெல்லாம் சேர்ந்தாலும், எந்த வீடு என்ற கேள்வி இல்லாமல் மதிப்பீடு முடியாது. ‘நல்ல நாய்’ என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த வீட்டுக்கு நல்ல நாய் என்றுதான் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் நாயைக் கொடுக்கிறவர் பிள்ளையார்பாளையத்தை அறிந்திருக்க வேண்டும். இங்கே ஒரு சுவருக்கு இரண்டு வீடு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறிச் சத்தம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பட்டிழை. ஒரு துள்ளலில் பல நாள் உழைப்பு அறும், ஒரு சேலையின் கூலி போகும். பிள்ளைகள் தெருவிலிருந்து நேரே கூடத்துக்கு ஓடிவருவார்கள். வைகாசியில் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், ஐப்பசியில் தீபாவளி வெடி. கைலாசநாதர் கோயில் பக்கத்துப் புல்வெளியில் கும்பலாகத் திரியும் தெருநாய்கள், வீட்டு நாய் வெளியே வந்தால் சும்மா விடாது. ரப்பர் கையைச் சகித்துக்கொள்ளும் நாயா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் வரும் பலத்த சத்தத்தில் அது தூங்குமா, ஒதுங்க ஓர் இடம் கொடுத்தால் அங்கே போகுமா, பையன்கள் ஓடினால் துரத்துமா என்று தெரிய வேண்டும். தறிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து காப்பகத்தில் மெல்ல ஒலிக்கவிட்டுப் பார்த்தாலே எங்கள் நாய் அன்று பட்ட பாட்டை முன்கூட்டி அறிந்திருக்கலாம். அப்போதும் அழைத்துவந்திருப்போம் என்றே நினைக்கிறேன். முதல் வாரம் கொல்லையில் வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருப்போம், பையனைக் கட்டிலடியில் கை விடாதே என்று சொல்லியிருப்போம்.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான், ஒரு கடிக்குப் பிறகு. மூன்று வாரம் கொல்லைக்கதவு திறந்தே இருந்தது. பெரியப்பா தறியில் இறங்குமுன் அதற்கு ஒரு வாய் தயிர்சோறு வைப்பார், தானே வந்து தின்னட்டும் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். முதலில் கதவுவரை வந்தது, பிறகு நடைவரை. ஒரு மாதம் கழித்து ஒரு மதியம், தறிக்குழியின் ஓரத்தில், ஊடை சுற்றும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கையின் மகன்தான் முதலில் பார்த்துவிட்டு எல்லாரையும் சைகையால் கூப்பிட்டான்.

நாயைக் கொடுத்தவர்கள் மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது என் பட்டியலில் கடைசி. மார்டரின் ஆய்வு சாத்தியமானதே வீட்டாரிடம் யாரோ திரும்பக் கேட்டதால்தான். கேட்டால்தான் தங்கள் கணிப்பில் எது சரி, எது தவறு என்று காப்பகத்துக்கே தெரியவரும். அடுத்த அட்டையை வேறுமாதிரி எழுதுவார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: நாடா ஓடும் சத்தத்துக்கு இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. பாவு விரிக்கும் நாளில் தானாகவே திண்ணையோரம் போய்விடுகிறது. வெடிச் சத்தத்துக்கு இன்னும் நடுங்கும், தீபாவளியன்று யாராவது கூட இருக்க வேண்டும். பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. கட்டிலுக்கு அடியில் இருக்கும்போது மட்டும் கை நீட்டக் கூடாது.